தேக்குக் கதவைத் தொடாமல் உள்ளே வந்தவர்கள்: தாம்பரம் பக்கத்து வீடொன்றின் கதவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம், தரைத்தளம் மட்டும் கட்டிய ஒரு தனி வீடு. இருப்பவர்கள் பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். மகள் பெங்களூரில் இருப்பதால் வருடத்தில் பல வாரங்கள் வீடு பூட்டியே கிடக்கும். அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு பொங்கல் சமயத்தில், இரவில் பின்பக்கமாக ஆட்கள் நுழைந்து, பீரோவை உடைத்து, வெள்ளிச் சாமான்களையும் கொஞ்சம் ரொக்கத்தையும் ஒரு சங்கிலியையும் எடுத்துப் போய்விட்டார்கள். நகையில் பெரும்பகுதி வங்கி லாக்கரில் இருந்ததால் இழப்பு அதோடு நின்றது. ஆனால் அந்த அம்மாவுக்கு அதற்கப்புறம் ராத்திரி தூக்கமே சரியாக இல்லை. யாரோ முகம் தெரியாதவர் தன் புடவைகளைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனார் என்ற நினைப்பு எந்த வழக்குக் கோப்பிலும் ஏறாது. அதைச் சுமந்துகொண்டுதான் அவர் அந்த வீட்டில் இருக்க வேண்டியிருந்தது.

வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். கதவு மாற்ற வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: “முன்னாடி நல்ல ஸ்டீல் கதவா ஒண்ணு போட்டுடுங்க தம்பி. எவ்வளவு ஆனாலும் சரி.”

திருடர்கள் வந்தது பின்வாசல் வழியாக. பணத்தைப் போட அவர் நினைத்ததோ முன்வாசலில். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் கதவு என்றாலே தலைவாசல் கதவுதான். அதற்கு மரம் பார்க்க மரவாடிக்குக் குடும்பமே போகும், நல்ல நாள் பார்த்து நிலை வைக்கும், செதுக்குவதற்குத் தனிக் கூலி கொடுக்கும். பின்கதவையும் மாடிக் கதவையும் வேலை முடியும் நேரத்தில் மிச்சப் பணத்தில் வாங்கி மாட்டுவார்கள். இந்த வீட்டை விரிவாக எழுதுவதற்குக் காரணமே இதுதான்: பாதுகாப்புக் கதவைத் தேர்ந்தெடுப்பது என்பது வீட்டுக்குள் வர எத்தனை வழி இருக்கிறதோ அத்தனைக்கும் சேர்த்து எடுக்க வேண்டிய முடிவு. அதிலும் கதவுப் பலகையைவிட நிலை, கீல், பூட்டு உட்காரும் இடம் ஆகியவற்றுக்குத்தான் முதல் கவனம் போக வேண்டும்.

உடைந்த இடங்களைப் பார்த்தபோது

முன்பக்கம் தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழுகிறது. போர்ட்டிகோவில் கிரில் கேட், அதில் வெளியே தெரியும்படி ஒரு பூட்டு. உள்ளே மூன்றரைக்கு ஏழடியில் தேக்குக் கதவு, ஒன்றரை அங்குல கனம், கஜலட்சுமி செதுக்கியது. இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே தொங்கிய பூட்டு திருடர்களுக்கு வேண்டிய ஒரே தகவலைக் கொடுத்திருந்தது: வீட்டில் ஆள் இல்லை.

பக்கவாட்டில் மூன்றடிச் சந்து. அதன் முடிவில் துணி துவைக்கும் இடம். அதை மேலிருந்து கீழ்வரை கிரில் போட்டு அடைத்து, அதில் ஒரு சிறு கிரில் கதவு வைத்திருந்தார்கள். அந்தக் கதவில் இருந்தது திண்டுக்கல் பூட்டு, அந்த அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலைப் பூட்டுகளின் உறுதியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டு துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது, பூட்டியபடியே. அதன் வளையத்தில் கொண்டியும் அப்படியே மாட்டியிருந்தது. அந்தக் கொண்டியைக் கிரிலோடு பிடித்திருந்தது இரண்டே இரண்டு பொட்டு வெல்டிங். கடப்பாரையை நுழைத்து நெம்பியதும் வெல்டிங் விட்டுப் போயிருக்கிறது. பூட்டை யாரும் உடைக்கவே இல்லை, உடைக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

அடுத்தது சமையலறைக்குள் போகும் பின்கதவு. சாதாரண ஃப்ளஷ் டோர், அடிப்பகுதி ஈரத்தில் ஊறிப் பிளைவுட் பிரிந்திருந்தது. உள்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு டவர் போல்ட். இங்கேயும் கதவு உடையவில்லை. போல்ட் போய் உட்காரும் வளையங்கள் நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அவற்றின் முக்கால் அங்குல ஸ்குரூக்கள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மரைப் பள்ளத்தில் மர நார் ஒட்டவே இல்லை. தலையில் திருப்புளி பிடிக்கும் பள்ளம் நசுங்கிப் போயிருந்தது. ஸ்குரூவை முறுக்கி ஏற்றாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. அடித்து இறக்கினால் மரை பிடிக்க வேண்டிய நார் கிழிந்துவிடும், அப்புறம் அதன் பிடிப்பு ஒரு சின்ன ஆணியின் பிடிப்புதான். வீட்டுக்காரர் ஒருநாளும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, தலை மட்டும்தானே வெளியே தெரிகிறது.

கேமரா இருந்தது. அதன் பதிவுப் பெட்டி டிவிக்குக் கீழே திறந்த தட்டில் இருந்ததால் அதையும் சேர்த்தே எடுத்துப் போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. இரவில் பூட்டை உடைத்துப் புகுவதும் குடியிருக்கும் வீட்டில் திருடுவதும் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 457, 380 பிரிவுகளில் வந்தன, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 331, 305 பிரிவுகளில் வருகின்றன. ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இவர்களுக்குத் தெரியும். சொல்லாமல் போயிருந்தார்கள்.

கடப்பாரைக் கணக்கு

மூன்றடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து ஒரு அங்குலத்தில் முட்டுக் கொடுத்தால், பிடித்து அழுத்தும் பக்கத்துக்கும் நுனிக்கும் உள்ள விகிதம் 35-க்கு 1. ஒருவர் 30 கிலோ பலத்தில் அழுத்தினாலே நுனியில் ஒரு டன்னுக்கு மேல் விசை வரும். முக்கால் அங்குல ஸ்குரூ நான்கு சேர்ந்தாலும் இதற்கு முன்னால் நிற்காது, நன்றாக முறுக்கி ஏற்றியிருந்தாலும் நிற்காது.

ஆகவே பலத்துக்குப் பலம் என்று போட்டி போடுவதில் அர்த்தமில்லை. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, கடப்பாரை நுனி நுழைய இடைவெளி கொடுக்காமல் இருப்பது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருந்தால் அது அழைப்பு மாதிரிதான். இரண்டாவது, நுழைந்துவிட்டாலும் அந்த விசையை மரத்தின் மேல்தோலில் நிறுத்தாமல் சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. கதவு விஷயத்தில் நான் எடுக்கும் எல்லா முடிவும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

ஐரோப்பாவில் இதை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். இஎன் 1627 என்ற தரநிலையில் ஆர்சி 1 முதல் ஆர்சி 6 வரை ஆறு வகுப்புகள். ஆர்சி 2 என்றால் ஸ்குரூ டிரைவர், குறடு, ஆப்பு போன்ற எளிய கருவிகளோடு வருபவரை 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3-இல் கடப்பாரையும் சேரும், நேரம் 5 நிமிடம். ஆர்சி 4-இல் ரம்பம், கோடாலி, உளி, டிரில் எல்லாம் வரும், 10 நிமிடம். இதில் நாம் கவனிக்க வேண்டியது, சோதனைக்குப் போவது வெறும் பலகை அல்ல. நிலை, கீல், பூட்டு எல்லாம் பொருத்திய முழு வாசலும் சேர்த்துத்தான் சோதிக்கப்படுகிறது.

மூன்று நிமிடம் என்றால் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். நெதர்லாந்தின் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. அங்கே 1999 முதல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளிலும் கதவும் ஜன்னலும் திருடர்களைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கட்டட விதி வந்தது. பின்னால் பென் வொலார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அந்த வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். வருடத்துக்கு 100-இல் 1.1 வீடு என்று இருந்த திருட்டு 0.8 ஆகக் குறைந்திருந்தது, அதாவது 26 சதவீதம் குறைவு. வாசலை உடைக்க முடியாதபடி யாரும் கோட்டை கட்டவில்லை. உள்ளே வர ஆகும் நேரமும் சத்தமும் கூடின, அவ்வளவுதான். நம் தெருக்களில் வீடுகள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. மூன்று நிமிடம் இரும்பு சத்தம் கேட்டால் யாராவது ஒருவர் விளக்கைப் போடுவார்.

கடையில் காட்டியது

பெரியவர் ஆசைப்பட்ட ஸ்டீல் கதவைப் பார்க்கக் கடைக்குப் போனோம். மர நிறத்தில் அச்சடித்த, அழகான கதவு. விற்பனையாளர் 1.2 மில்லிமீட்டர் தகடு என்றார். விலைப்பட்டியலில் பூட்டு, கீல் உட்பட மொத்த எடை 38 கிலோ என்று போட்டிருந்தது.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு உதவுகிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. மூன்றரைக்கு ஏழடிக் கதவின் பரப்பு ஏறத்தாழ 2.28 சதுர மீட்டர். இரண்டு பக்கமும் 1.2 மில்லிமீட்டர் என்றால் தகடு மட்டுமே 43 கிலோ வர வேண்டும். பூட்டோடு சேர்த்து 38 கிலோ எடையுள்ள கதவில் அந்தத் தகடு இருக்க வாய்ப்பே இல்லை. கேட்டதும் அவர், “சார், 1.2 ஃப்ரேமுக்கு. கதவுக்கு 0.7” என்றார். அவர் வேண்டுமென்று மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் பிரித்துக் கேட்பதில்லை, அதனால் யாரும் பிரித்துச் சொல்வதுமில்லை. கேஜ் கணக்கில் சொன்னால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: எண் கூடக்கூடத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9.

உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று கேட்டபோது வெட்டிய மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். தேன்கூடு வடிவில் மடித்த காகித அட்டை. அது தகடு நெளியாமல் இருக்க உதவும், கதவைத் தட்டினால் டப்பா சத்தம் வராமல் செய்யும். நெம்பும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. சில கதவுகளில் நுரை நிரப்பியிருப்பார்கள், அதற்கும் இதேதான். பூட்டும் கம்பிகள் பன்னிரண்டு இடத்தில் போய் இறங்கும் என்பது இன்னொரு விளம்பரம். பன்னிரண்டும் போய் உட்காருவது நிலைத் தகட்டில் போட்ட வெறும் ஓட்டைகளில். ஓட்டைக்குப் பின்னால் கனத்த பட்டையோ பெட்டியோ இல்லாவிட்டால், மெல்லிய தகடு கிழிந்து பன்னிரண்டும் ஒன்றாக வெளியே வரும். நான்கே இடத்தில் பூட்டி, நான்குக்கும் 3 மில்லிமீட்டர் பட்டை வைத்த கதவு இதைவிட மேல்.

எப்படிப் பொருத்துவீர்கள் என்பது நான் எந்தக் கடையிலும் கேட்கும் கடைசிக் கேள்வி. நிலைக்கும் சுவருக்கும் நடுவில் நுரை அடித்து, பக்கத்துக்கு மூன்று போல்ட் போடுவோம் என்றார்கள். நுரை தூசியையும் சத்தத்தையும் தடுக்கும். ஸ்டீல் நிலையின் உட்குழிவு முழுக்க சிமெண்ட் கலவை போய் இறுக வேண்டும். இல்லாவிட்டால் கடப்பாரை நிலையையே உள்பக்கமாக வளைத்துவிடும், பூட்டுக் கம்பி தானாக விட்டுப் போகும். நான் பார்த்த எந்த விலைப்பட்டியலிலும் ஐரோப்பிய வகுப்பு எண்ணோ அதற்கு இணையான சோதனை விவரமோ இல்லை. பெயரில் மட்டும் எல்லாமே பாதுகாப்புக் கதவுகள்.

அந்த ஒரு கதவுக்கு அவர்கள் சொன்ன விலை, பொருத்துக்கூலி சேர்த்து 48,000 ரூபாய்.

முன்வாசல்: கதவு அப்படியே, மற்றதெல்லாம் புதிது

ஒன்றரை அங்குலத் தேக்கை எடுத்துவிட்டு 0.7 மில்லிமீட்டர் தகட்டை மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்தக் கதவை அவர் ஆசையாகச் செய்ய வைத்தது, மாற்ற அவருக்கும் மனமில்லை.

முதலில் நிலையை ஒட்டிய பூச்சை விரலால் தட்டிக்கொண்டே வந்தோம். பூட்டு இருக்கும் பக்கத்தில் இடுப்பு உயரம் வரை டொக்கு டொக்கென்று சத்தம். பூச்சை உடைத்துப் பார்த்தால், நிலைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் முக்கால் அங்குலம் வெற்றிடம். மேலே மெல்லிசாகக் கலவை பூசி மூடியிருக்கிறார்கள். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையான ஹோல்ட்ஃபாஸ்ட் பக்கத்துக்கு மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது, கீழே இருந்தது ஆடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் எவ்வளவு விலையுள்ள கதவை மாட்டினாலும் பணம் வீண். வெற்றிடம் முழுக்கக் கலவை அடைத்து, அது இறுகிய பிறகு, நிலைக் கட்டையின் வழியாகவே துளையிட்டு ஆறு அங்குல ஆங்கர்களைச் செங்கல்லுக்குள் இறக்கினோம். செங்கல் இணையும் கலவைக் கோட்டில் துளை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கே போனால் பிடிப்பு வராது.

பழைய பூட்டின் நாக்கு அரை அங்குலம்தான் வெளியே வந்தது. அது போய் உட்கார்ந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு, இரண்டு குட்டி ஸ்குரூ. புதிதாக இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு அங்குலம் வரும் நாக்குள்ள, கதவின் விளிம்புக்குள் பதியும் மார்டிஸ் லாக் வாங்கினோம். அதற்குக் கதவை உளியால் தோண்டும்போது இருபுறமும் அரை அங்குலம்கூட மரம் மிஞ்சுவதில்லை. தேக்கே ஆனாலும் அந்த இடம்தான் கதவின் நலிந்த இடம். ஆகவே பூட்டின் இருபக்கமும் ஸ்டீல் தகடு வைத்து, கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டால் இரண்டையும் இறுக்கினோம். நாக்கு உட்காரும் பக்கத்தில் ஒரு அடி நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் எல் வடிவப் பட்டை, நான்கு அங்குல ஸ்குரூக்கள். அவை நிலையைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கின்றன.

ஆசாரி நல்ல வேலைக்காரர். ஆனால் முதல் ஸ்குரூவுக்கே சுத்தியலைத்தான் எடுத்தார். தரையில் கிடந்த பழைய ஸ்குரூவை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து டிரில்லை எடுத்து ஒவ்வொன்றுக்கும் முன்துளை போட ஆரம்பித்தார். அன்றைக்கு வேலை இரண்டு மணி நேரம் கூடுதலாக இழுத்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக எந்த விலையுயர்ந்த கதவையும் நான் வைக்க மாட்டேன்.

சாவி நுழையும் சிலிண்டரின் முகம் தகட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறடு வைத்து முறிக்கலாம் என்பதால், அளவு பார்த்து மட்டமாக நிற்கும்படி வாங்கினோம். கதவு உள்பக்கம் திறப்பதால் கீல்கள் உள்ளே இருக்கின்றன, அதில் கவலையில்லை. வெளியே திறக்கும் கிரில் கேட்டில் கதை வேறு. பட்டறையில் செய்து மாட்டும் கீல்களில் பல, கேட்டைத் திறந்து மேலே தூக்கினால் கழன்று வந்துவிடும் வகை. பூட்டியிருக்கும்போதும் மேலே இடம் இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். வெல்டர் தம்பி கீலுக்கு மேலே ஒரு துண்டு இரும்பை வைத்துப் பற்றவைத்தார், இனி தூக்க முடியாது. தொங்கும் பூட்டை எடுத்துவிட்டுப் பெட்டிப் பூட்டு வைத்தோம், வெளியே நின்று பார்த்தால் பூட்டியிருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியாது.

மருமகன் கைரேகைப் பூட்டு வாங்கிக் கொடுக்கிறேன் என்றார். சாவி தொலைக்கும் வீட்டுக்கு அது வசதி. ஆனால் அதன் நாக்கும் இதே நிலையில்தான் போய் உட்கார வேண்டும். வேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார்.

பின்வாசலும் மாடியும்

ஸ்டீல் கதவு உண்மையில் பொருந்தும் இடம் பின்வாசல். துவைக்கும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மரம் உப்பும், ஃப்ளஷ் டோர் பிரியும். துத்தநாகம் பூசிய 1.2 மில்லிமீட்டர் தகட்டில், நடுவில் குறுக்குச் சட்டங்கள் வைத்த, எந்த அலங்காரமும் இல்லாத கதவு ஒன்றை எடுத்தோம். வாங்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். நிலைக்குள் கலவை ஊற்றியது நம் கொத்தனார்தான், அதைக் கடைக்காரரிடம் விடவில்லை. ஒரு சாதாரணக் கதவு, பார்ப்பவர் யாரும் பாராட்டப் போவதில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு கவலை: “பின்கதவை எப்பவும் சாத்தி வச்சா தாளிக்கிற புகை எங்கப்பா போகும்?” நியாயமான கேள்வி. பகலில் திறந்தே கிடக்கும் கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. அதனால் வெளிக் கிரில் கதவைச் சரிசெய்தோம். பொட்டு வெல்டிங் இருந்த இடமெல்லாம் முழு நீளத்துக்குப் பற்றவைத்தோம். கொண்டியை எடுத்துவிட்டு, கிரிலின் சட்டத்துக்குள்ளேயே ஓடும் கம்பித் தாழ்ப்பாள் வைத்தோம், வெளியிலிருந்து கைவிட முடியாதபடி அதைச் சுற்றி ஒரு தகடு. கொசுவலையும் அடித்தாயிற்று. பகலில் உள்கதவைத் திறந்துவைத்துக் கிரிலை மட்டும் தாழிட்டுக்கொண்டு அவர் நிம்மதியாகச் சமைக்கலாம்.

மாடிக் கதவைத் திருடர்கள் தொடவில்லை. தொட்டிருந்தால் இன்னும் சுலபமாக வந்திருப்பார்கள். படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு பிவிசி கதவு, ஒரே ஒரு கொக்கித் தாழ்ப்பாள். பக்கத்து வீடு இரண்டு மாடி, நடுவில் நான்கடி இடைவெளி. அங்கே பட்டறையில் ஆங்கிள் சட்டமும் 16 கேஜ் தகடும் வைத்துக் கதவு செய்தோம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அது வெளிப்பக்கம் திறக்கிறது, ஆகவே கீல்கள் வெளியே. அதற்காகக் கீல் பக்கம் கதவின் விளிம்பில் இரண்டு இரும்பு முளைகளைப் பற்றவைத்தோம். கதவைச் சாத்தினால் அவை நிலையில் உள்ள துளைகளுக்குள் போய்விடும், கீலை அறுத்தாலும் கதவு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே மேலும் கீழும் 16 மில்லிமீட்டர் கம்பி, மேலது கான்கிரீட் லிண்டலுக்குள், கீழது தளத்துக்குள். வெளியே சாவித் துவாரமே கிடையாது.

குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு உள்ளே வர முடியும். 12 மில்லிமீட்டர் கம்பியில் சட்டம் செய்து சுவரின் உள்பக்கம் பதித்தாயிற்று.

மூன்று வாசல், கிரில், வென்டிலேட்டர் எல்லாம் சேர்த்துச் செலவு 57,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

உள்ளிருந்து திறக்க வேண்டுமே

இதை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. திருட்டு நடந்த வீடுகளில் பயத்தில் எல்லா வாசலையும் இரட்டைப் பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டுப் படுப்பார்கள். சமையல் கேஸ் கசிந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஆகிப் புகை சூழ்ந்தாலோ, அந்தச் சாவியைத் தேடும் நேரம் உயிருக்கு விலை. அதிலும் வயதானவர்கள். ஆகவே முன்கதவுப் பூட்டுக்கு உள்பக்கம் சாவி வேண்டாம், கையால் திருகும் குமிழ் வைத்தோம். முன் கிரிலும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும். படுக்கையறை ஜன்னல் கிரிலில் ஒரு பகுதியைத் திறக்கும்படி மாற்றி, அதன் சாவியை ஜன்னலிலிருந்து கைக்கு எட்டாத, கட்டிலிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் மாட்டச் சொன்னேன். இருட்டில் விளக்குப் போடாமல் இருவரும் எல்லா வாசலையும் திறந்து பழகிப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு மாடிக் கதவின் கீழ்க் கம்பி இறுக்கமாக இருந்தது, அன்றே அதைத் தளர்த்தினோம்.

பகலில் வருபவர்களுக்காகக் கதவில் லென்ஸும் சங்கிலியும் போட்டாயிற்று. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தேன் என்று நிற்பவரிடம் கதவை முழுசாகத் திறக்காமல் பேசும் பழக்கம் வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும் போலிருக்கிறது. வந்தவரை வாசலில் நிற்க வைப்பது மரியாதையில்லை என்பது பெரியவரின் எண்ணம். இதில் நான் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் மழைக்காலம்

ஐப்பசியில் மழை பிடித்ததும் போன் வந்தது. முன்கதவின் பூட்டு இரண்டாவது சுற்றுச் சுற்றவில்லை, ஒரு சுற்றோடு விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஒரு சுற்றென்றால் நாக்கு அரை அங்குலம்தான் போகிறது, பழைய நிலைமையேதான். தேக்கும் ஈரத்தில் கொஞ்சம் உப்பும். கதவைக் கழற்றிப் பார்த்தால், முன்னும் பின்னும் பளபளவென்று பாலிஷ் போட்ட கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பூச்சு இல்லாத வெறும் மரமாகவே இருந்தன. ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டிருக்கிறார்கள். நல்ல வெயில் வந்து கதவு காய்ந்த பிறகு இரண்டு விளிம்பிலும் வார்னிஷ் மூன்று கை அடித்தோம். எல் பட்டையில் நாக்கு நுழையும் வாயைக் கீழ்ப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அரத்தால் ராவினோம். கதவின் விளிம்பை இழைக்க ஆசாரி அவசரப்பட்டார், நான் விடவில்லை. மழையில் இழைத்தால் வெயில் காலத்தில் அந்த இடம் முழுக்கச் சந்தாகிவிடும், கடப்பாரைக்கு அந்தச் சந்து போதும்.

அதற்கடுத்து அவர்கள் பெங்களூர் போனபோது காவல் நிலையத்தில் தேதியும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். பதிவுப் பெட்டி இப்போது பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தங்கள் இரட்டைக் கதவையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். அதில் எப்போதும் சாத்தியே இருக்கும் கதவைப் பிடித்திருப்பது மேலும் கீழும் இரண்டு குட்டி டவர் போல்ட் மட்டும்தான், கீழே உள்ளதின் குழியில் கோலமாவும் மண்ணும் அடைத்துப் பாதிதான் இறங்குகிறது. குழியைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். கம்பித் தாழ்ப்பாள் வைக்க வெல்டர் அடுத்த வாரம் வருகிறார்.